கடல் கடந்த மடல்: மைதானமும் மனக்காயமும்

பேரிடர், உறவினர் மரணம், வன்முறை, பாலியல் அத்துமீறல் ஆகியவை விட்டுச்செல்லும் மனக்காயத்தைக் கணக்கில் கொண்டு விளையாட்டுப் பயிற்சியை அமைக்கும் முறை அமெரிக்கக் கல்லூரிகளில் பரவிவருகிறது. அங்குள்ள கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ 2016இல் மனநல வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தகுதி பெற்றவரே சிகிச்சை தருவது, சீசனுக்கு முன் மனநலப் பரிசோதனை, யாரை யாரிடம் அனுப்புவது என்ற எழுத்துப்பூர்வ நடைமுறை ஆகியவை அதில் உள்ளன.

குமரி மாவட்டத்தில் இத்தகைய பயிற்சிமுறை பெரிதும் தேவைப்படும் பகுதி, இரயுமன்துறை முதல் நீரோடி வரையிலான கால்பந்துக் கரை. ஐ.எஸ்.எல். கால்பந்துப் போட்டிகளில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இங்குள்ள இரவிபுத்தன்துறையைச் சேர்ந்தவர். 2017 நவம்பர் 30 அன்று தாக்கிய ஒக்கிப் புயலில் ஆழ்கடலுக்குப் போன இக்கரை மீனவர் பலர் திரும்பவில்லை. பலரின் உடலும் கிடைக்கவில்லை. அடக்கம் செய்யாத சாவில் துக்கம் முடிவதில்லை. அன்று பத்து வயதில் இருந்த பிள்ளைகள் இன்று கல்லூரி வயதை எட்டிவிட்டனர்.

ஆபத்தைக் கண்ட மூளை, ஆபத்து நீங்கிய பிறகும் சின்னக் குறிப்புக்கே விழித்துக்கொள்ளும். மேகம் கறுத்துக் காற்று வலுத்தால் கோல் கீப்பரின் கண் பந்தை விட்டுக் கடல் பக்கம் போகலாம். தூக்கமின்மை, திடீர்க் கோபம், பயிற்சிக்கு மட்டம் போடுவது, பின்னால் ஒலிக்கும் விசிலுக்குத் துள்ளுவது ஆகியவையும் அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றைச் சோம்பல், திமிர் என்று முடிவுகட்டி மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் தண்டனை நிலைமையை மோசமாக்கும்.

பயிற்சியாளர் செய்யத்தக்கவை எளியவை. அன்றைய பயிற்சியின் வரிசையையும் அணித் தேர்வின் அளவுகோலையும் முன்கூட்டியே சொல்லலாம். ஆட்டக்காரரின் உடல் நிற்கும் நிலையைத் திருத்தும்முன், தொடலாமா என்று கேட்க வேண்டும். பூட்டிய அறையில் தனியே பேசக் கூடாது. நவம்பர் 30, சுனாமி நினைவுநாளான டிசம்பர் 26 ஆகிய நாள்களில் தேர்வு ஆட்டம் வைக்காமலிருப்பது நல்லது. நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தினால் காயம் கிளறப்படும். சொல்ல முன்வந்தால் குறுக்கிடாமல் கேட்டால் போதும். சிகிச்சை பயிற்சியாளரின் வேலை அன்று. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் தொலைபேசி மனநலச் சேவைக்கோ (14416) வழிகாட்டலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். இரகசியம் காப்பதாக வாக்களிக்க இயலாது.

பயிற்சியாளரும் பெரும்பாலும் அதே கரைக்காரர். அதே புயலில் உறவினரை இழந்தவராகவும் இருக்கலாம். மாணவரின் துயரத்தைத் தொடர்ந்து கேட்பதும் அவரைத் தளர்த்தும். எனவே கல்லூரியின் ஏற்பாட்டில் உடற்கல்வி இயக்குநருக்கும் பயிற்சியாளருக்கும் தனி ஆலோசனை, சுழற்சி முறையில் ஓய்வு, மாதமொருமுறை மனநல மருத்துவருடன் கலந்துபேசும் வாய்ப்பு ஆகியவை இடம்பெற வேண்டும்.