புல்லட்டுக்கு ஒரு கால்பலகை

ஆடி ஞாயிறுகளில் எங்கள் பெரியபாளையம் பவானி அம்மன் கோயில் பக்கம் வந்து நின்றால் போதும். மோட்டார் சைக்கிளில் நம் ஜனங்கள் எதை எதையெல்லாம் மாட்டுவார்கள் என்று கண்காட்சி மாதிரி பார்த்துவிடலாம். வேப்பிலைக் கட்டு, எவர்சில்வர் குடம், பொங்கல் வைக்க விறகு, எல்லாவற்றுக்கும் வண்டியில் ஒரு கொக்கி இருக்கும். இந்த மாதிரிக் கைவேலைக்குப் பிரெஞ்சில் 'பிரிக்கொலாஜ்' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் படித்த வார்த்தை. தமிழில் 'ஒப்பேற்றுவது' கிட்டத்தட்ட வரும். ஆனால் அதில் கொஞ்சம் கேலி இருக்கிறது.

என் பிரிக்கொலாஜ் எல்லாம் பழைய புல்லட்டில்தான். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்து ரெட்டிச் கம்பெனியோடு சேர்ந்து தொடங்கியது என்ஃபீல்டு இந்தியா. வண்டி பிறந்தது திருவொற்றியூரில். அந்த நாளில் அதுவும் செங்கல்பட்டு ஜில்லா, எங்கள் ஊரும் செங்கல்பட்டு ஜில்லா. ஒரு வகையில் ஊர்க்கார வண்டி.

போன வருஷம் என் மனைவிக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. புடவை கட்டி ஒருபக்கமாக உட்காருகிறவளுக்கு ஒரு கால் மிதியில், இன்னொரு கால் அந்தரத்தில். ஊத்துக்கோட்டை தாண்டி சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், புத்தூர் வழியாகத் திருப்பதி வரைக்கும் அந்தப் பின் சீட்டிலேயே வந்தவள், "இனிமே பஸ்ஸுல போய்க்கலாங்க" என்றாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு காலும் வைக்க அகலமாக ஒரு பலகை, முதுகுக்கு ஒரு சாய்மானம். இவ்வளவுதான் தேவை. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் குழாயும் புள்ளி போட்ட தகடும் எடை போட்டு வாங்கினேன். வெல்டிங் பட்டறைத் தம்பி, "சார், ஃப்ரேம்லயே நேரா வெல்டு வச்சிடறேன், ஜென்மத்துக்கும் ஆடாது" என்றான். "ஆடாதுப்பா, விட்டா ஃப்ரேமோட சேர்ந்து விடும்" என்றேன். ஒற்றை சிலிண்டர் அதிர்வு எந்த வெல்டையும் சும்மா விடாது. அதனால் யூ-கிளாம்ப், நடுவில் ரப்பர், நைலாக் நட். வண்டியில் வெல்டிங் வைக்கவே இல்லை. வைப்பவர்கள் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

இடது பக்கம் சங்கிலி ஓடுகிறது. புடவை காக்கும் கம்பியைக் கழற்றிவிட்டுப் பலகை வைக்கச் சொன்னார் ஒரு நண்பர், அழகாக இருக்குமாம். மத்திய மோட்டார் வாகன விதி 123, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்கிறது. விதி இல்லாவிட்டாலும் புடவை முந்தானை அழகு பார்க்காது.

பை எங்கே மாட்டுவது? இடது பக்கம் அவள் கால். வலது பக்கம் சைலன்சர். கேரியரில் பின்னால் தள்ளி வைத்தால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். புத்தூர் சாலையில் ஹேண்டில் ஆடினால் முடிவு புத்தூர் கட்டுதான்! ஆகவே வலது பக்கமே, சைலன்சரிலிருந்து நாலு விரல் தள்ளி, நடுவில் ஒரு தகடு வைத்து, பின் அச்சுக்கு முன்னாலேயே பாரம் விழும்படி மாட்டினேன்.

இப்போது பையன்கள் வரிசையாக விளக்கு மாட்டுகிறார்கள். 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். அதைப் பழைய சுவிட்சும் ஒயரும் தாங்குமா? ரிலே, ஃபியூஸ் இல்லாமல் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. சைலன்சரைப் பிடுங்கிவிட்டு வெடிச்சத்தம் போடுகிறவர்களைப் பற்றி எழுத மனமில்லை.

பலகையில் முதலில் வெறும் தகடுதான் இருந்தது. மழையில் வழுக்குகிறது என்றாள். பழைய கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்றை வெட்டி ஒட்டினேன். சாய்மானம் ஓர் அங்குலம் உயரம் என்றாள், குறைத்தேன். மூன்றாவது தடவை சுருட்டப்பள்ளி வரைக்கும் போய், பள்ளிகொண்டீஸ்வரரைச் சேவித்துவிட்டு வந்தோம். இறங்கும்போது கால் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "குடை மாட்ட ஒரு கொக்கி வச்சுடுங்க" என்றாள்.