கோதுமை இல்லாத ஆரஞ்சுச் சுருள்

போர்ச்சுகல் தேசத்தின் தென்கோடியில், அராதே நதிக்கரையில், செங்கல் நிறக் கோட்டையின் காலடியில் இருக்கிறது சில்வெஸ் என்னும் சிற்றூர். சுற்றிலும் ஆரஞ்சுத் தோட்டங்கள்!

கூட வந்தவள் என் தங்கை மகள். பாவம், கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் அவள் குடலுக்கு ஆகாது. போன ஊரிலெல்லாம் பலகாரக் கடைக்கு வெளியிலேயே நின்றாள்.

இங்கே ஒரு கடையில் பொன்னிறச் சுருள் ஒன்று கண்ணைப் பறித்தது. 'டோர்ட்டா டி லரான்ஜா' என்றார்கள். நம் நாட்டு 'நாரங்கம்'தான் பாரசீகர், அராபியர் நாவில் புரண்டு 'லரான்ஜா' ஆயிற்றாம்!

"கோதுமை மாவு உண்டா?" என்றேன்.

"இரண்டே கரண்டி" என்றாள் கடைக்கார அம்மாள்.

குழந்தையின் முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்த அம்மாள், "அதற்குப் பதில் கார்ன்பிளவர் போடலாமே!" என்று பக்குவம் சொன்னாள்.

முட்டை 8, சர்க்கரை 400 கிராம், இரண்டு ஆரஞ்சின் சாறு, துருவிய மேல்தோல், கார்ன்பிளவர் 2 மேஜைக்கரண்டி. (முட்டை என்றதும் முகம் சுளிக்கும் மாமிகள் மன்னிக்க!) கார்ன்பிளவர் பொட்டலத்தில் குளூட்டன் இல்லை என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கலந்து, வெண்ணெய் தடவிய காகிதம் விரித்த தட்டில் ஊற்றி, 180 டிகிரி சூட்டில் சுமார் 20 நிமிஷம் வேக விடவும். சர்க்கரை தூவிய துணியில் கவிழ்த்து, சூட்டோடு சுருட்டவும். ஆறினால் வெடித்துவிடும்.

அன்று மாலை, தங்கியிருந்த வீட்டு அடுப்பிலேயே செய்தோம். சுருள் சற்றுக் கோணல்தான்.

"பெரியம்மா, இன்னொரு துண்டு!" என்றாள் குழந்தை. அந்த ஊரில் நான் கண்ட பெரிய காட்சி அதுதான்.