தண்டவாளமில்லாத புகையிரத நிலையம்

சென்ற சித்திரை விடுமுறையில் பினாங்கு நகருக்குச் சென்று ஒன்பது நாட்கள் தங்கி வந்தேன். முதுகில் ஒரு பை. அதற்குள் இரண்டு சாரம், நான்கு சட்டை, ஒரு துவாய், பாட்டனார் எழுதிய பழைய தபாலட்டை ஒன்று. என் பிரயாண மூட்டை இவ்வளவே. "நாற்பத்தைந்து வயதில் இளந்தாரிகளைப் போலப் பை தூக்கித் திரியப் போகிறீர்களோ?" என்று மனைவி கேட்டாள். ஆசிரியச் சம்பளத்தில் ஒன்பது நாள் பெரிய ஹோட்டல் வாசம் ஆகாது என்று சொன்னேன். அது ஒரு காரணந்தான். மற்றது அந்தத் தபாலட்டை.

எங்கள் வீட்டை ஊரவர் 'பினாங்கு வீடு' என்பர். என் பாட்டனார் 1928ஆம் ஆண்டு கப்பலேறி, மலாயாப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பலர் அவ்வாறு சென்று, பின்னர் 'மலாயன் பென்சனியர்' என்ற மதிப்போடு திரும்பினர். அவர் அனுப்பிய பணத்திலேதான் எங்கள் கல்வீடு எழுந்தது. பாட்டியார் ஊரிலேயே இருந்தார். 1941 மார்கழியில் ஜப்பானியர் பினாங்கின்மீது குண்டு வீசினர். 1945 வரை அந்நகரம் அவர்கள் கையிலிருந்தது. அக்காலம் முழுவதும் வீட்டுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. 1941இல் பிறந்த என் தந்தையார் தம் தகப்பனாரை முதன்முதல் கண்டது ஐந்தாவது வயதில். "படத்திலே இருந்த ஆள் படலையைத் திறந்துகொண்டு வந்தார்" என்பார். அதற்குமேல் அன்பாக ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

தபாலட்டையிலே பாட்டனார் எழுதியிருந்தார்: "எங்கள் கந்தோரில் மணிக்கூட்டுக் கோபுரமுண்டு; சீட்டு விற்குமிடமுண்டு; புகையிரதம் மாத்திரம் இல்லை. நாங்கள் ஆறு பேர் ஓர் அறையில் இருக்கிறோம். சுகமே." பாட்டியார் இதை நம்பவில்லை. தண்டவாளமில்லாத ஸ்ரேசனும் உண்டோ என்று சிரித்தாராம். பிற்காலத்தில் எங்கள் வீட்டில் எவர் புளுகினாலும், "இது பினாங்கு ஸ்ரேசன் கதை" என்பது வழக்கமாயிற்று.

கோலாலம்பூரில் விமானத்தால் இறங்கி, மின்சாரப் புகையிரதத்தில் நான்கு மணி நேரம் வடக்கே சென்றால் பட்டர்வொர்த் வரும். பாதை அங்கே முடிந்துவிடும். எதிரே கடல், கடலுக்கு அப்பால் தீவு. பயணப் படகிலே தீவை அடைந்தபோது இரவாகிவிட்டது.

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் இத்தீவில் குடியேற்றத்தைத் தொடங்கினார். அதன் தலைநகரான ஜோர்ஜ் டவுனை யுனெஸ்கோ 2008இல் உலக மரபுரிமை நகராக அறிவித்தது. நான் தங்கியது சூலியா வீதியில், பழைய கடைவீடொன்றின் மாடியில். சூலியர் என்பது தமிழ் முஸ்லிம் வணிகருக்கு வழங்கிய பெயர். கடைகளின் முன்னே வெயிலும் மழையும் படாத நடைபாதை தொடர்ந்து செல்லும்; ஐந்தடி அகலம் விடப்பட்டதால் இங்குள்ள தமிழர் அதை 'அஞ்சடி' என்பர். என் அறையில் மேலும் கீழுமாக ஆறு கட்டில்கள். ஜெர்மானியத் தச்சர் ஒருவர், கொரிய மாணவர் இருவர், இன்னும் இருவர், நான். எல்லோரும் என்னிலும் இளையர்; மரியாதையாகக் கீழ்க்கட்டிலை எனக்கு விட்டுத் தந்தனர்.

முதல் மூன்று நாட்களும் அவசரமின்றி நடந்தேன். ஒரே வீதியின் நெடுகிலும் 1818இல் எழுந்த கிறிஸ்தவ தேவாலயமும், சீனரின் கருணைத் தேவி கோயிலும், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அமைந்திருக்கின்றன. இடையிலே உள்ள 1833ஆம் ஆண்டின் மாரியம்மன் கோயிலில் காலைப் பூசை கண்டேன். ஒரு நாள், கம்பிவடத்தால் இழுக்கப்பட்டு 1923 முதல் ஓடிவரும் மலைவண்டியில் ஏறி, குளிர்ந்த உச்சியிலிருந்து கடலைப் பார்த்தேன். பிற்பகல் மழை பெய்யும்போது அஞ்சடியில் அமர்ந்து இழுத்து ஆற்றிய தேநீர் குடித்தேன். பாட்டனாரின் கந்தோரை எவரிடமும் விசாரிக்கவில்லை. அது பொய்யாக இருந்துவிடுமோ என்ற பயம் உள்ளூர இருந்தது.

நான்காம் நாள் துறைமுக வீதித் தேநீர்க் கடையொன்றில் மழைக்கு ஒதுங்கியபோது, பக்கத்திலிருந்த முதியவர், "எந்த ஊர் சார்?" என்றார். யாழ்ப்பாணம் என்றேன். "அப்போ ரயில்வேதான்!" என்று சிரித்தார். தபாலட்டையை எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துத் தெருமுனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே மழையில் நனைந்துகொண்டு நின்றது, மணிக்கூட்டுக் கோபுரத்தோடு கூடிய வெண்ணிற மாளிகை. 1907இல் கட்டப்பட்டது, இன்று சுங்கப் பகுதியினரின் அலுவலகம். அன்று இங்கே சீட்டு வாங்குவோர் படகிலே கடலைக் கடந்து, அக்கரையில் பிறை என்னுமிடத்தில் வண்டியேறுவராம். தீவுக்குத் தண்டவாளம் வரவில்லை. ஆனால் நிலையம் வந்துவிட்டது. பாட்டனார் எழுதியதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மேற்கட்டிலில் கொரியப் பையன் தன் தாயோடு தொலைபேசியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். தச்சர் குறட்டை விட்டார். அப்போதுதான் தபாலட்டையின் அடுத்த வரி என் நினைவுக்கு வந்தது. முதல் வரியை எண்ணிச் சிரித்த நாங்கள், ஆறு பேர் ஓரறை என்பதைப் படித்தும் படிக்காதவராயிருந்தோம். "அவருக்கென்ன, சீமைச் சீவியம்" என்பது பாட்டியாரின் முறைப்பாடு. நான் ஒன்பது இரவு இப்படிக் கிடந்தேன், அதுவும் உல்லாசமாக. அவரோ உத்தியோக காலத்தில் எத்தனை ஆண்டுகள் கிடந்தாரோ! பேச ஒரு தொலைபேசியும் இல்லை.

எஞ்சிய நாட்களில் நாள்தோறும் காலையில் அம்மாளிகையைச் சுற்றி நடந்தேன். பினாங்குக்குச் செல்லும் அன்பர்கள் இரண்டு நாளில் பத்து இடம் பார்த்துத் திரும்பாமல், மலிவான அறையொன்றை எடுத்து ஒரு வாரமாவது இருந்து வருவார்களாக. தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தமையாலன்றோ எனக்கு அம்முதியவர் கிடைத்தார்.

ஊர் வந்ததும், கைப்பேசியில் எடுத்த படத்தைத் தந்தையாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப ஐயா சொன்னது மெய்தான்" என்றார். அவர் தம் தகப்பனாரை 'ஐயா' என்று சொல்லக் கேட்டது எனக்கு அதுவே முதல் முறை. சற்றுப் பொறுத்து, "தம்பி, அந்த அறை எப்படியிருந்தது? காற்று வருமோ?" என்று கேட்டார்.

"யன்னல் ஒன்று இருந்தது அப்பா" என்றேன்.