பின்னாத பிடரி

குதிரையைப் பந்தயத்தில் ஓடவிடும் ஆங்கிலேயனை நமக்குத் தெரியும். குதிரையை ஓடவிடாமல், நடத்தியும் நிறுத்தியும் அதன் அமைப்பையும் நடையையும் மட்டும் பார்த்துத் தரம் பிரிக்கிற இன்னொரு காரியமும் அவனிடம் உண்டு. 'ஷோயிங்' என்று பெயர். கோடையில் இங்கிலாந்தின் சிறிய கிராமங்களில்கூட ஒரு புல்வெளியைக் கயிறு கட்டி வளைத்து இதை நடத்துகிறார்கள். பரிசு என்று கிடைப்பது பெரும்பாலும் ஒரு ரிப்பன் பூ. அதற்காகக் குதிரையையும் அதன்மேல் உட்காருகிறவரையும் தயார்செய்வதில் அவர்கள் காட்டும் சிரத்தை, சம்பிரதாயம் என்ற விஷயத்தைப் பற்றி யோசிக்கிற எவருக்கும் உபயோகமானது. குதிரை ஏறி அறியாத ஒரு வங்கி குமாஸ்தா இதை எழுதத் துணிவது அந்த உபயோகம் கருதித்தான்.

ஒவ்வொரு வகைக் குதிரைக்கும் ஒரு இலக்கணம் இருக்கிறது. வேட்டைக் குதிரை என்றால் பிடரி மயிரைப் பின்ன வேண்டும்; தோல் வாரெல்லாம் அகலமாக, அலங்காரம் இல்லாமல் இருக்க வேண்டும்; சவாரி செய்பவர் முரட்டு ட்வீட் கோட்டு அணிய வேண்டும். பூங்காவில் உலாப் போவதற்கென்று வளர்ந்த 'ஹாக்' என்ற மெல்லிய குதிரைக்கும் பின்னல் உண்டு. ஆனால் அதன் வார் மெலிதானது, நெற்றிப்பட்டையில் வெல்வெட் நிறம் காட்டலாம், பின்புறத்து ரோமத்தைச் சீப்பால் மாற்றி வாரிச் சதுரங்கக் கட்டம்போல் கோலமும் போடலாம். 'காப்' என்ற குட்டையான கனத்த ஜாதிக்குப் பிடரியை ஒட்ட மழித்துவிட வேண்டும். அரபுக் குதிரைக்கும், மலைப்பக்கத்துச் சுதேசி மட்டக்குதிரைகளுக்கும் பின்னவும் கூடாது, மழிக்கவும் கூடாது.

பின்னல் சாதாரண வேலையல்ல. மயிரை நனைத்து, சமபாகமாகப் பிரித்து, இறுகப் பின்னி, மெழுகிட்ட நூலால் தைத்து, சுருட்டி உருண்டையாக்க வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கழுத்து குட்டையான குதிரைக்குச் சிறிய பின்னல்களாக அதிகம் போட்டால் கழுத்து நீண்டு தெரியும். மெலிந்த கழுத்தானால் உருண்டைகளைச் சற்று மேலே தூக்கி வைத்துப் பலம் உள்ளதுபோல் காட்டலாம். அசைச்சொல்லைச் சேர்த்து அடியை நிரப்பியவர்களை வாசித்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. பின்னாத பிடரியில் இந்த வசதி கிடையாது. கழுத்து எப்படியோ அப்படித்தான் தெரியும்.

என் அக்கா கம்ப்ரியாவில் நர்ஸாக இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் மூன்று வாரம் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். அவள் பெண்ணுக்குப் பதினோரு வயது. அருகிலிருந்த லாயத்தில் இரவல் வாங்கிய ஒரு கறுப்பு ஃபெல் மட்டக்குதிரையில் சவாரி பழகிக்கொண்டிருந்தாள். ஃபெல் அந்த மலைகளுக்கே உரிய இனம். ஒரு காலத்தில் ஈயத்தையும் கம்பளியையும் சுமந்தது. இன்று எண்ணிக்கையில் அருகிவிட்டது. அடர்ந்த பிடரி, நீண்ட வால், குளம்பை மறைக்கும் கால் ரோமம் இவையெல்லாம் குளிருக்கும் மழைக்கும் ஈடுகொடுக்க ஏற்பட்டவை. அவற்றில் கைவைத்தால் குதிரை தன் இனத்தின் லட்சணத்தை இழந்துவிடும் என்பதால்தான் பின்னக்கூடாது என்ற விதி.

பின்னக்கூடாது என்றால் வேலை இல்லை என்று அர்த்தமில்லை. காட்சிக்கு முதல் நாள் மாலை முழுவதும் அக்காவும் பெண்ணும் அந்தக் குதிரையைக் குளிப்பாட்டினார்கள். வாலையும் பிடரியையும் சீப்பு போட்டால் மயிர் அறும் என்று விரலால் இழை இழையாகச் சிக்கெடுத்தார்கள். கால் ரோமத்தைச் சோப்புப் போட்டு அலசித் துவட்டினார்கள். இத்தனைக்கும் பிறகு குதிரை யாரும் தொடாத மாதிரி நின்றது. அந்த லாயத்தில் மற்றவர்களின் வேட்டைக் குதிரைகளுக்குப் பிடரி பின்னிக்கொடுப்பது என் அக்காதான். ஜடை போட்டுப் பழகிய கை. தன் பெண் ஏறுகிற குதிரைக்கு அந்தக் கையால் ஒன்றும் செய்ய முடியாமல் போயிற்று.

பெண்ணின் உடைக்கும் விதி உண்டு. ட்வீட் கோட்டு, டை, கையுறை, கட்டைப் பூட்ஸ், பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்ட தொப்பி, அதற்குள் வலைபோட்டு அடக்கிய தலைமயிர். காலில் ஜோத்பூர். 1897இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்குப் போன சர் பிரதாப் சிங் வழியாக அந்த ஊரில் பிரபலமான ராஜஸ்தானத்துக் கால்சட்டை அது. சேணத்துக்கடியில் விரிக்கும் 'நம்னா' நம் 'நம்தா'தான். குழந்தைகளின் குதிரை விளையாட்டுக்கு அவர்கள் சொல்லும் 'ஜிம்கானா'வும் இங்கிருந்து போன வார்த்தை. ஆங்கிலேயனின் அசல் மரபு என்று பார்ப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

நகை கூடாது. எங்காவது மாட்டி இழுத்தால் காது அறுந்துவிடும் என்பது காரணம். போனில் அம்மா இதைக் கேட்டதும் பிடித்துக்கொண்டாள். "மூளிக் காதோட பிள்ளைய ஊர் முன்னால நிறுத்தப் போறியா?" அக்கா, "அரை மணி நேரந்தாம்மா, எறங்கினதும் போட்டுடறேன்" என்றாள். அம்மாவின் விதியும் விதிதான். குதிரையேறாத காதுகளுக்கு ஏற்பட்ட விதி.

மறுநாள் வளையத்துக்குள் ஏழு குழந்தைகள். அவர்களில் ஒருத்தி மட்டும் கறுப்பு. எந்த விதியை அனுசரித்தாலும் முதலில் கண்ணில் படுகிறவள் அவள்தான். மற்றத் தாய்மார்கள் டையின் முடிச்சை ஒருதரம் பார்த்தார்கள். என் அக்கா நாலுதரம் பார்த்தாள். விதிகளின்மேல் அவளுக்கு இருந்த பக்தியின் காரணம் அப்போது எனக்கு விளங்கிற்று. நடுவராக வந்த வயதான பெண்மணி ஒவ்வொரு குதிரையையும் சுற்றிவந்தார். எங்கள் குதிரையிடம் வந்ததும் குனிந்து, கால் ரோமத்துக்குள் கையைவிட்டு எலும்பைத் தடவிப் பார்த்தார். "கால் பிரமாதம், நடைதான் அவசரம்" என்றார். உடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாலாவது இடம் கிடைத்தது.

உடையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் மிஞ்சாமலிருப்பதுதான் சரியான உடை. கண் தங்காமல் குதிரைக்குப் போய்விட வேண்டும். ஒரு சம்பிரதாயத்தை இதைக்கொண்டே அளக்கலாம். ஒருகாலத்தில் காப் குதிரையின் வாலை எலும்போடு வெட்டுவதுதான் 'சரி'யாக இருந்தது. 1949இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். வண்டிக் குதிரையின் தலையை வாரால் இழுத்து நிமிர்த்திக் கட்டும் நாகரிகத்தை எதிர்த்துத்தான் அன்னா சீவெல் 1877இல் 'பிளாக் பியூட்டி'யைக் குதிரையின் வாயாலேயே சொன்னாள். அங்கெல்லாம் நம் கண்ணின் ருசிக்குக் குதிரை விலை கொடுத்தது. வேட்டைக் குதிரை வகுப்பு வேறு மாதிரி. நாய்களை ஏவி வேட்டையாடுவது 2005 முதல் இங்கிலாந்தில் சட்டவிரோதம். ஆனாலும் ஒரு நாள் முழுக்க மேடு பள்ளத்தில் கனத்த ஆளைச் சுமக்குமா என்று இன்னும் குதிரையைத் தரம் பிரிக்கிறார்கள். உபயோகம் போய் உருவம் நிற்கிறது. நின்றாலும், அந்த உருவம் இன்னும் குதிரையின் முதுகையும் காலையும் பார்க்க வைக்கிறது.

அந்த வளையத்தின் விதிகளில் எனக்கு முக்கியமாகப் பட்டது, அவை எழுதப்பட்டிருக்கின்றன என்பதே. பரம்பரையாகக் குதிரை வைத்திருப்பவன் கேட்காமலே அறிந்ததை, திருச்சியிலிருந்து போன ஒரு நர்ஸ் படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. எழுதிவைத்த விதி, வெளியிலிருந்து வருகிறவனுக்கு ஒரு கதவு. எழுதாத விதியிடம்தான் அவன் பயப்பட வேண்டும்.

1959இல் செல்லப்பா 'எழுத்து' தொடங்கிய பிறகு நாம் பிடரியைப் பின்னுவதை விட்டோம். சரியான காரியம்தான்; கழுத்து தெரிந்தது. ஆனால் பின்னாமல் விட்டதற்கும் குளிப்பாட்டாமல் விட்டதற்கும் வித்தியாசம் உண்டு என்று நாம் யாருக்கும் எழுதிவைக்கவில்லை. யாப்பை ஒருவன் யாப்பருங்கலக்காரிகையைப் பிரித்துக் கற்றுக்கொள்ளலாம், எந்த ஊரில் பிறந்திருந்தாலும். நம் 'நவீனப் பிரக்ஞை'யை எந்தப் புத்தகத்தில் கற்பது? இருநூறு பேர் படிக்கிற பத்திரிகையில் ஒரு கவிதையை 'கவிதையே அல்ல' என்று ஒரு வரியில் தள்ளுகிறோம். காரணம் கேட்டால், தெரிந்தவனுக்குத் தெரியும் என்கிறோம். கும்பகோணம் பண்டிதர்கூட இவ்வளவு இறுக்கமாக இருந்ததில்லை. தளை தட்டுகிற இடத்தையாவது விரல் வைத்துக் காட்டினார்.

குனிந்து காலைத் தடவிப் பார்த்துவிட்டு நாலாவது இடம் என்று சொல்கிற நடுவரிடம் எனக்குப் புகார் இல்லை.