பதினேழாம் எண் மண்டையோடு

துப்பறியும் நாவல்களின் மீது எனக்குத் தீராத பிரியம் உண்டு. தமிழ் இலக்கியம் கற்பிக்கும் ஒருவன் இதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட வேண்டும் என்று எங்கள் துறையில் எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது. நான் அதை மதிப்பதில்லை. ஆயினும் சில ஆண்டுகளாக என்னை விடாமல் துரத்திவரும் கொலைக்கதையை எந்த நாவலிலும் நான் படிக்கவில்லை. அது வட ஸ்பெயினில், புர்கோஸ் நகரத்துக்கு அருகிலுள்ள அட்டபுவெர்க்கா குன்றுகளின் அடியில் கிடந்தது.

அக்குன்றுகளின் சுண்ணாம்புப் பாறைக்குள்ளே குகைகள் கிளை பிரிந்து செல்கின்றன. அவற்றில் ஒன்றின் உட்புறத்தில், வெளிச்சம் எட்டாத இடத்தில், சுமார் 13 மீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்கும் குழி ஒன்று உண்டு. ‘சிமா தெ லோஸ் உவேசோஸ்’ என்று அதற்குப் பெயர். எலும்புகளின் குழி என்று பொருள். 1976ஆம் ஆண்டு, பழங்காலக் கரடிகளின் எலும்புகளைத் தேடி அதில் இறங்கிய ஓர் ஆய்வு மாணவருக்கு மனிதத் தாடை எலும்பு கிடைத்தது. 1984 முதல் முறையான அகழாய்வு தொடங்கியது. இதுவரை குறைந்தது 28 பேருடைய எலும்புகள் ஆயிரக்கணக்கான துண்டுகளாக வெளிவந்திருக்கின்றன. அவற்றின் வயது ஏறத்தாழ 4,30,000 ஆண்டுகள். அவர்கள் நம் நேரடி மூதாதையர் அல்லர். நியாண்டர்தால் மனிதரின் ஆதிக்கிளையைச் சேர்ந்தவர்கள் என்று 2016இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

இவர்களுள் ஒருவரின் மண்டையோட்டுக்கு 17 என்று எண்ணிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் கிடைத்த 52 துண்டுகளை ஒட்டவைத்து உருவாக்கப்பட்டது அது. முழுமை பெற்றபோது இடது கண்ணுக்கு மேலே, நெற்றியில், அருகருகே இரண்டு ஓட்டைகள் இருப்பது தெரிந்தது. நோயமி சலா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்தத் துப்பறிவாளனும் பொறாமைப்படத்தக்க தர்க்கம் அதில் இருக்கிறது.

காயம்பட்ட பிறகு ஒருவர் உயிரோடு இருந்திருந்தால் எலும்பின் விளிம்பு மெல்ல ஆறத் தொடங்கியிருக்கும். இங்கே ஆறியதற்கான சுவடே இல்லை. இறந்து நெடுங்காலம் கழித்து மண்ணழுத்தத்தால் உடைந்திருந்தால் அது காய்ந்த எலும்பு உடையும் விதத்தில் உடைந்திருக்கும். இதுவோ பச்சை எலும்பின் உடைவு. குழிக்குள் விழுந்தபோது பாறையில் மோதியிருக்கலாமே என்றால், ஒரு வீழ்ச்சியில் ஓர் இடத்தில் ஓர் அடிதான் படும். இங்கே இரண்டு ஓட்டைகளும் ஏறத்தாழ ஒரே வடிவம் கொண்டவை. ஆனால் வெவ்வேறு கோணங்களில் இறங்கியவை. ஒரே பொருளால் இருமுறை அடிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் அடியுமே உயிரைப் போக்கப் போதுமானது. காயம் இடப்பக்கம் இருப்பதால், எதிரெதிராக நின்ற நிலையில் வலக்கைக்காரர் ஒருவர் தாக்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

என்னை உறையவைத்தது அந்த இரண்டாம் அடி. முதல் அடியைச் சினம் என்றோ தற்காப்பு என்றோ சொல்லிக் கடந்துவிடலாம். அதே பொருளை மீண்டும் ஓங்கிய கைக்கு எண்ணம் இருந்தது. கொலை என்ற சொல்லை நாம் அந்த எண்ணத்துக்காகவே வைத்திருக்கிறோம்.

நாவலாக இருந்தால் இங்கிருந்து கொலையாளியைத் தேடத் தொடங்கியிருப்பார்கள். ஆனால் இந்தத் தடயங்கள் வேறொரு கேள்விக்கு இட்டுச் செல்கின்றன. அந்த அடிகளுக்குப் பிறகு நடந்து வந்து குழியில் தவறி விழ அவரால் முடிந்திராது. எனவே இறந்தவரை யாரோ அங்கே கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். குழியில் மனிதக் கைபட்ட கருவியாக ஒன்றே ஒன்றுதான், சிவந்த குவார்ட்சைட் கல்லில் செதுக்கிய கைக்கோடரி, 1998இல் கிடைத்தது. இறந்தவர்களுக்கு இட்ட படையல் அது என்று அகழ்ந்தவர்கள் எண்ணுகிறார்கள். விலங்குகளோ சேற்றுப் பெருக்கோ எலும்புகளை அங்கே சேர்த்திருக்கலாம் என்று மறுப்போரும் உண்டு. விவாதம் முடியவில்லை. எனினும் அதே குழியில் கிடைத்த வேறிரண்டு எலும்புகளையும் கூடவே பார்க்க வேண்டும். முதுகெலும்பு நலிந்து கூன்விழுந்த முதியவர் ஒருவருடைய இடுப்பெலும்பு ஒன்று. பிறவியிலேயே மண்டையோடு கோணி, அப்படியும் சில ஆண்டுகள் வளர்ந்த குழந்தையின் தலை மற்றொன்று. அவர்களுக்கு ஊட்டவும் தாங்கவும் அந்தக் கூட்டத்தில் ஆட்கள் இருந்திருக்க வேண்டும்.

புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களை நடத்துகையில் ஒருமுறை இக்கதையை வகுப்பில் சொன்னேன். கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, அடிச்சவரும் அதே குழியில இருக்கலாம் இல்லையா?” என்று கேட்டாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. இருக்கலாம். தூக்கிவந்தவர்களுள் ஒருவராகவும் இருந்திருக்கலாம்.

அக்கேள்வி எனக்குப் புதிதன்று. என் அம்மாவின் தாய்மாமன் ஒருவர் மடை திறந்த தகராறில், இளம் வயதில், வாய்க்கால் கரையில் அடித்துக் கொல்லப்பட்டார். வழக்கு நிற்கவில்லை. யார் செய்தது என்று ஊருக்குத் தெரியும் என்பார்கள். ஒருவரும் வாய்திறந்து சொன்னதில்லை. சிறுவனாக இருந்தபோது அம்மாச்சியிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். “யாரு அம்மாச்சி அடிச்சது?” அவள் அதற்குப் பதில் சொன்னதே கிடையாது. தன் தம்பியின் பாடையைத் தூக்கிய நால்வரின் பெயர்களையும் வரிசையாகச் சொல்வாள். மூன்றாவது பெயருக்கு முன்னால் மட்டும் சற்று நிறுத்துவாள். அந்த நிறுத்தத்தின் பொருளைப் புரிந்துகொள்ளும் வயதில் அவள் இல்லை.

கையறுநிலை என்ற துறைக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லாத நிலை என்றுதான் மாணவர்களுக்குப் பொருள் சொல்லிவந்தேன். இப்போது அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். மீட்க வழியில்லை, தண்டிக்க வழியில்லை. எஞ்சியிருப்பது சுமப்பது ஒன்றே. நமக்குத் தெரிந்த மிகப் பழைய கொலைகளுள் ஒன்றும், இறந்தோரை ஓரிடத்தில் சேர்த்துவைத்த மிகப் பழைய செயல் என்று சொல்லப்படுவதும் ஒரே குழியில் கிடைத்திருக்கின்றன. ஓங்கிய கையும் தாங்கிய கையும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும். இந்த வழக்கில் எனக்குக் கிட்டிய ஒரே துப்பு அதுதான். கொலையாளியின் பெயர் தெரிந்திருந்தால் இத்தனை காலம் இதையே நினைத்துக்கொண்டிருப்பேனா என்பது ஐயமே.