டிக்கியில் தேங்கிய தண்ணீர்

ஐப்பசி, கார்த்திகை மழை வருவதற்குள் கார் வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தொடர்ந்த மழையில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணையில் வெள்ளம் கரைபுரண்டது. ரிஷிவந்தியத்தில் எங்கள் தெருவுக்குள் வெள்ளம் வரவில்லை. கார் வாசலிலேயே நின்றது. ஆனாலும் ஒரு வாரம் கழித்துக் கதவைத் திறந்தால் ஈரச் சாக்கு நாற்றம்.

பேத்திக்கு வீசிங் உண்டு. பின்சீட்டில் உட்கார்ந்தால் திருக்கோவிலூர் போய்ச் சேருவதற்குள் இருமி இருமிச் சோர்ந்துவிடுவாள். மாப்பிள்ளை ஒரு வாசனை டப்பா வாங்கி மாட்டினார். இருமல் கூடியதுதான் மிச்சம்.

என்னிடம் படித்த தம்பி ஒருவர் மெக்கானிக். அவர் வந்து டிக்கி மேட்டைத் தூக்கினார். ஸ்டெப்னி குழியில் நாலு விரல் தண்ணீர்! ஜாக்கி துருப்பிடித்துத் திருகவே முடியவில்லை. வெள்ளிமலைப் பாதையில் ராத்திரி பஞ்சர் ஆகியிருந்தால் என்ன கதி?

"சார், இது கீழே இருந்து ஏறின தண்ணி இல்ல, மேலே இருந்து இறங்கினது. சாக்பீஸ் இருக்கா?" என்றார்.

வாத்தியார் வீட்டில் அதற்கா பஞ்சம்? முதலில் தண்ணீரை ஒற்றி எடுத்து, உள்பக்கத்தைத் துடைத்துக் காயவைத்தோம். சாக்பீஸைப் பொடித்து, உள்ளே இணைப்புகள் ஓரமாகத் தூவினார். நான் பின்சீட்டை மடக்கி டார்ச்சோடு உட்கார்ந்தேன். அவர் வெளியே ஓஸ் பைப்பால் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடமாக நனைத்தார். இடது பின்விளக்குக்குக் கீழே வெள்ளைப் பொடியில் ஒரு கோடு இறங்கியது. விளக்கைச் சுற்றியிருந்த ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. டிக்கிக் கதவின் பீடிங், கூரை இணைப்பில் உள்ள சீலன்ட் வழியாகவும் இப்படி இறங்குமாம்.

ரப்பரை மாற்றினோம். மேட்டையும் அடியில் இருந்த பஞ்சையும் வெளியே எடுத்து வெயிலில் போட்டோம். மேட் இரண்டு நாளில் காய்ந்தது. பஞ்சு காய ஐந்து நாள் ஆனது. பூஞ்சை பிடித்து நாற்றம் கொடுத்தது அந்தப் பஞ்சுதான். குழியில் துருவைத் தேய்த்துப் பிரைமர் அடித்தோம். அடுத்த மழைக்குக் குழியில் பழைய செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதன் பிறகு பேத்தி நிம்மதியாக வருகிறாள்.

இன்னும் மூன்று விஷயங்கள்.

பழைய கார் வாங்குபவர்கள் மேட்டைத் தூக்கி ஸ்டெப்னி குழியைப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் உள்பாகங்கள் வளைந்துவிடும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது.

வீட்டுப் பத்திரம், சான்றிதழ் எதையும் டிக்கியில் விட்டு வைக்காதீர்கள்.

காருக்குள் நாற்றம் வந்தால் சென்ட் வாங்கப் போகாதீர்கள். தண்ணீர் வந்த வழியைத் தேடி அடைத்துவிட்டு, பிறகு காயவையுங்கள். குழந்தைகள் மூச்சு விடுகிற இடம் அது.