திடலில் நின்ற தேக்கு

எங்கள் பழைய வீட்டின் தலைவாசற் கதவு பர்மாத் தேக்கினால் ஆனது. இரங்கூனில் கடை வைத்திருந்த பாட்டனார் 1930களில் கப்பலில் வருவித்த மரம் என்று வாப்பா சொல்லுவார்கள். கடற்காற்றின் உப்பும் ஐப்பசி மழையும் அறைந்தும் அது முறுக்கிக்கொள்ளவில்லை. கரையான் அதனை அண்டவில்லை. அந்தக் கதவைப் பார்த்து வளர்ந்த ஆசையே என்னைத் தேக்கு நடச் செய்தது.

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பது வழக்கம். மகள் பிறந்த 1988ஆம் ஆண்டில், ஊருக்கு மேற்கே எங்களுக்கிருந்த திடலில் நாற்பது தேக்கங்குச்சிகளை ஊன்றினேன். ஓராண்டு நாற்றின் தண்டை ஓரங்குலம் விட்டு நறுக்கி, வேரையும் சாணளவுக்குக் குறைத்தால் அதுவே குச்சி. பார்வைக்குச் செத்த சுள்ளி. நல்ல மழை ஒன்று கண்டால் துளிர்த்துவிடும். ஆனால், தண்ணீர் தேங்கினால் தேக்கு பிழைக்காது. தாழ்ந்த மூலையில் நட்ட ஒன்பதும் இரண்டாம் மழைக்காலத்தில் அழுகிப் போயின. பக்கக் கிளைகளை இளசிலேயே கழிக்க வேண்டும். முற்றவிட்டால் பலகையில் கணு விழும். அந்த வேலையை நானே செய்தேன். தளிரைக் கசக்கினால் கை சிவக்கும். மகள் அதனை மருதாணி என்று தேய்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனதுண்டு.

1990களில் தேக்கு என்றால் தங்கம் என்று விளம்பரங்கள் முழங்கின. இருபதாண்டில் இலட்சங்கள் என்றார்கள். நண்பர்கள் சிலர் கண்ணால் காணாத மரங்களுக்குப் பணம் கட்டி இழந்தார்கள். என் மரங்கள் கண்ணெதிரே நிற்கின்றன என்று நான் இறுமாந்திருந்தேன். உண்மையில், அவர்கள் போட்ட இருபதாண்டுக் கணக்கைத்தான் நானும் போட்டிருந்தேன்.

2010இல் மகளின் திருமணம் நிச்சயமாயிற்று. பதினான்கு மரங்களை வெட்டி வாள்பட்டறைக்கு ஏற்றினோம். முதல் மரத்தை அறுத்ததும் ஆசாரி வெட்டுவாயைக் காட்டினார். நடுவில் மட்டும் பொன்னிற வைரம். சுற்றிலும் வெளுத்த மரம்.

"பாய், இந்த வெள்ளையை நிலைக்கு வைத்தால் கரையானுக்கு விருந்து வைத்ததாகும். வைரம் சன்னல் சட்டத்துக்குத் தேறும். தலைவாசலுக்கு அகலம் வராது" என்றார்.

எனக்கு நா எழவில்லை. அவ்வாண்டே பழைய வீட்டைப் பங்கிட இடித்தபோது, தம்பி அந்தக் கதவை எனக்கு விட்டுக்கொடுத்தார். ஆசாரி அதன்மேல் இழைப்புளியை ஓட்டினார். எழுபதாண்டுக்குப் பின்னும் சீவலில் தேக்கின் வாசம் இருந்தது. மகளின் வீட்டுத் தலைவாசலில் இன்று நிற்பது அதுதான். என் மரங்கள் சன்னல்களாயின.

பின்னொரு முறை கோழிக்கோடு சென்றபோது, முதிர்ந்த தேக்கைப் பார்க்கவென்றே நிலம்பூருக்குப் போனேன். மலபார் கலெக்டராயிருந்த கானலியின் ஏற்பாட்டில் சாத்து மேனோன் 1840களில் வளர்த்த தோட்டத்தின் ஒரு பகுதி அங்கே இன்னும் நிற்கிறது. தொடக்கத்தில் விதை முளைக்காமலே அவர்கள் மிகவும் அலைக்கழிந்தார்களாம். ஓர் அடிமரத்தை வளைக்க முயன்றேன். இரு கைகளும் போதவில்லை.

திடலில் பதினேழு மரங்கள் மிஞ்சியிருக்கின்றன. மரத்தரகர் ஆண்டுதோறும் வந்து நூல் பிடித்துச் சுற்றளவு பார்க்கிறார். "காசு சும்மா நிற்கிறதே" என்கிறார். பேத்தி வளர்ந்து வருகிறாள். அவளுக்கும் வீடு வேண்டும். அவரை அடுத்த ஆண்டு வரச் சொல்லியே அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.